மேய்ச்சல் கோழிக்கு என்ன ஆச்சு? மாசி முதல் சித்திரை வரை எங்கிருந்து பார்ப்பது

பாலக்கோட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கொல்லை எங்களுடையது. பாதியில் மா, மீதியில் ராகியும் அவரையும். அதற்குள் முப்பது, நாற்பது சிறுவிடை இன நாட்டுக்கோழிகள் விடிந்ததும் இறங்கி, பொழுது சாய்ந்ததும் ஏறும். மழைக்காலத்தில் வராத தொல்லையெல்லாம் எனக்கு மா பூக்கிற மாசியில் ஆரம்பித்து, காய் முற்றுகிற சித்திரை வரை வரிசை கட்டி வரும். வெயில் ஏறுகிறது. மாமரத்துக்கு மருந்து அடிக்கிறார்கள். மயானக் கொள்ளைக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் கோழி ஊர் ஊராகக் கைமாறுகிறது. அடைக்கோழி உட்காருவதும், பொரித்த குஞ்சைத் தூக்கப் பருந்து வட்டமிடுவதும் இதே மூன்று மாதத்தில்தான்.

ஒரு கோழி கண்ணை மூடி நின்றாலே "சீக்கு வந்துடுச்சு" என்று முடிவு கட்டி, இருப்பதையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. நானும் ஒரு வருடம் அப்படித் தள்ளினேன். காலியான கூட்டைக் கழுவப் போனபோதுதான் பார்த்தேன், மூங்கில் சந்தெல்லாம் செல், அதாவது கோழியின் ரத்தம் குடிக்கிற சின்ன உண்ணி, அப்பிக் கிடந்தது. ஒரு வாளி சுண்ணாம்பில் முடிய வேண்டிய வேலைக்கு மொத்தக் கூட்டத்தையும் கொடுத்திருந்தேன்.

அதிலிருந்து முதல் கேள்வியாக நான் கேட்பது நோயின் பெயரை அல்ல. ஒன்றா, பலவா என்பதைத்தான். ஒரு கோழிக்கு மட்டும் என்றால் பதறாமல் பார்க்க நேரம் இருக்கிறது. ஒரே நாளில் பல என்றால் நேரம் கிடையாது, "மூன்று நான்கு சாய்ந்தால்" என்ற தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

## எதுவானாலும் முதலில்

சோர்ந்த கோழியைத் தனியாக ஒரு கூடையில் கவிழ்த்து, தண்ணீர் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே சீக்குக் கோழியிடம் போக வேண்டும். திரும்பி வந்தால் கை கால் கழுவ வேண்டும்.

துரத்திப் பிடிக்காதீர்கள். வெயிலில் ஓடிய கோழி நல்ல கோழியாக இருந்தாலும் வாய் பிளந்துதான் நிற்கும், எதுவும் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச் எடுத்துப் போனால் சத்தமில்லாமல் கைக்கு வரும். நெஞ்சு எலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இல்லாமல் கத்தி போல நின்றால் இது இன்று வந்த கோளாறு இல்லை. கழுத்தடியில் தீனிப்பையை அழுத்திப் பாருங்கள். றெக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்குங்கள். வாயைத் திறந்து உள்ளே பாருங்கள். அப்புறம் அது உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே உள்ள எச்சம். ஐந்து நிமிட வேலை இது. பாதிப் பிரச்னை இங்கேயே பிடிபட்டுவிடும்.

## ஒரு கோழி மட்டும் தூங்கி நிற்கிறது

இறகைச் சிலிர்த்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, கிட்டே போனால் உறுமிக் கொத்த வருகிறது. அடை. சீக்கு இல்லை. தீனி குறைவதும் கொண்டை வெளுப்பதும் அடையில் இயல்பு. முட்டை வைக்க விருப்பமில்லை என்றால் மூன்று நாள் வெளிச்சமான, அடியில் காற்று போகிற கம்பிக் கூண்டில் போட்டு வையுங்கள், தெளிந்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. கூண்டே போதும்.

காலையில் கூட்டைத் திறக்கும்போதே தீனிப்பை நிறைந்திருக்கிறது. இரவெல்லாம் செரித்துக் காலையில் அது காலியாக இருக்க வேண்டும். கல் போலக் கெட்டியாக இருந்தால் உள்ளே நார், நீளப் புல், பிளாஸ்டிக் என்று ஏதாவது சுருண்டிருக்கும். ஒரு நாள் தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வையுங்கள். நல்லெண்ணெய் அரை ஸ்பூன் துளித்துளியாகக் கொடுத்து, பையை மெதுவாகப் பிசைந்து விடுங்கள். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று இறங்காதீர்கள், மூச்சுக்குழலில் போய்க் கண்ணெதிரே செத்துப்போகும். இரண்டு நாளில் இளகவில்லை என்றால் மருத்துவர் பையைக் கீறி எடுத்துத் தைப்பார். நல்ல முட்டைக்கோழிக்கு அது தகும். வயதான சேவலுக்குத் தகுமா என்பது உங்கள் கணக்கு.

இறகை விலக்கினால் ஊர்கிறது, அல்லது பகலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதுதான் ஏமாற்றும். பேன் கோழியின் மேலேயே இருக்கும். செல் அப்படி இல்லை. பகலில் கூட்டின் சந்துகளில் ஒளிந்து, இரவில் இறங்கி ரத்தம் குடிக்கும். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியை ஏறும் கட்டையில் தேய்த்துப் பாருங்கள். சிவப்புச் சிவப்பாகக் கறை பட்டால் அதுதான். கோழிக்கு மருந்து போடுவதைவிடக் கூட்டுக்கு வைத்தியம் பார்ப்பது முக்கியம். உள்ளே இருக்கும் வைக்கோலை எடுத்து எரித்து, கட்டைகளை வெயிலில் போட்டு, சந்து விடாமல் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை, ஏனென்றால் முட்டையாக இருந்தது அதற்குள் பொரித்திருக்கும். கொல்லையில் ஒரு மூலையில் சாம்பலும் மண்ணும் கலந்து குழி போட்டுவிட்டால் மேலே இருக்கும் பேனை அவையே புரண்டு தீர்த்துக்கொள்ளும். மருந்துக் கடையில் கொடுக்கும் மாட்டு உண்ணி மருந்தைக் கோழிமேல் ஊற்றுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். அளவு தப்பினால் செல்லோடு கோழியும் போகும், மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

முக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது, வால் மேலும் கீழும் ஆடுகிறது. முட்டை சிக்கியிருக்கலாம், முதல் முட்டை இடும் பெட்டைக்கு அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய இருபது நிமிடம் உட்கார வைத்து, ஆசனவாயில் விளக்கெண்ணெய் தடவி இருட்டில் விடுங்கள். உள்ளே முட்டையை உடைத்து எடுக்கப் பார்க்க வேண்டாம். ஒரு நாள் தாண்டினால் மருத்துவர்தான்.

நன்றாகத் தின்கிறது, ஆனால் நெஞ்சு கத்தி போல இருக்கிறது. குடற்புழு. மேய்ச்சல் கோழிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து வேண்டும். மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை.

இதில் எதுவும் இல்லை, இரண்டு நாளாகத் தீனியும் எடுக்கவில்லை, மூச்சில் கரகர சத்தம் என்றால் காத்திருக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். இரண்டாவது கோழி தூங்க ஆரம்பித்துவிட்டால் அடுத்த தலைப்பு.

## ஒரே நாளில் மூன்று நான்கு சாய்ந்தால்

இங்கே நேரம்தான் துப்பு. எப்போது சாய்ந்தன, அதற்கு முன் எங்கே மேய்ந்தன?

மதியம் 12 மணிக்கு மேல், வாயைப் பிளந்து, றெக்கையை உடம்பிலிருந்து விலக்கி நிற்கின்றன. வெயில். ஓசூர், தளிப் பக்கம் இருப்பவர்களுக்கு மேட்டுக் காற்று கொஞ்சம் காப்பாற்றும். தர்மபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் பங்குனியிலேயே தகரக் கூரை அடுப்பு மாதிரி ஆகிவிடும். நிழலுக்குத் தூக்கி வந்து காலையும் கொண்டையையும் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அப்புறம் தண்ணீர் வைத்த இடத்தைப் பாருங்கள். காலையில் நிழலில் வைத்த பிளாஸ்டிக் தட்டு பதினொரு மணிக்கு வெயிலில் இருக்கும், சுட்ட தண்ணீரைக் கோழி குடிக்காது. மண்சட்டியில், மாமரத்தின் வடக்குப் பக்கத்தில், இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். நீர்மோரில் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு வைப்பது எங்கள் அம்மா பழக்கம், நானும் விடவில்லை. தானியத்தைக் காலை ஏழு மணிக்குள்ளும் மாலை ஐந்துக்கு மேலும் வைத்தால் செரிக்கிற சூடு உச்சி வெயிலோடு சேராது. கூரைமேல் தென்னங்கீற்று. செலவு என்று பார்த்தால் அவ்வளவுதான்.

மேய்ந்து வந்த சில மணி நேரத்தில், எச்சில் வடிய, கால் இழுத்துக்கொண்டு, உடம்பு நடுங்கி விழுகின்றன. நேற்று வரை நன்றாக இருந்தன. விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் இந்தப் பருவத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாந்தோப்பு. பூவில் தத்துப்பூச்சி விழுந்தால் மருந்து அடிப்பார்கள். செத்த பூச்சி மழை மாதிரி கீழே கொட்டும். கோழிக்கு அது விருந்து. கொல்லைக்கு வேலி இருக்கிறதே என்றால், கோழிக்கு ஏது வேலி?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், பதினோரு மணிக்குள் ஏழு கோழி. வீட்டில் எல்லோரும் வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோய்தான் என்று புதைக்கக் குழி தோண்டிவிட்டார்கள். எச்சம் நன்றாகத்தான் இருந்தது, தீனிப்பை நிறைந்திருந்தது. கழிச்சலில் விழும் கோழி இரண்டு நாளாகத் தின்றிருக்காது, அதனால் தீனிப்பை நிறைந்திருந்தது எனக்கு உறுத்தியது. ஒன்றை அறுத்துப் பார்த்தேன், பை நிறைய மாம்பூவும் பூச்சியும். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணா, மருந்து அடிச்சீங்களா?"

"காலைல ஆறு மணிக்கே முடிச்சுட்டோமேப்பா. உன் கோழி இங்கயா வந்துச்சு?"

அவர்மேல் தப்பில்லை. இப்போது அடிப்பதற்கு முந்தின இரவு ஒரு போன் வரும். நான் மூன்று நாள் கோழியை அடைத்துப் போட்டு, அகத்திக் கீரையும் ராகியும் போடுகிறேன்.

விஷம் என்று தெரிந்தால்: மிச்சக் கோழிகளை உடனே அடைத்துவிடுங்கள். மருந்து டப்பாவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு 1962-க்கு அழையுங்கள், அது கால்நடைகளுக்கான நடமாடும் ஊர்தியின் எண். சில மருந்துக்கு மாற்று ஊசி உண்டு, பெயர் தெரிந்தால்தான் போட முடியும். செத்ததைக் குழம்பு வைக்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். தோப்பு இல்லாத இடத்தில் இதே அறிகுறி என்றால் எலி மருந்து, விதை நேர்த்தி செய்து மிஞ்சிய நிலக்கடலை, உர மூட்டை ஓட்டை, இந்த வரிசையில் தேடுங்கள்.

முதல் நாள் ஒன்று, அடுத்த நாள் மூன்று. பச்சையும் வெள்ளையுமாகக் கழிகின்றன. கழுத்து முறுக்குகிறது, கால் றெக்கை விழுகிறது, வாய் திறந்து மூச்சு வாங்குகின்றன. இதுதான் உண்மையான வெள்ளைக் கழிச்சல். புத்தகத்தில் ராணிக்கெட் என்று இமயமலை ஊர் ஒன்றின் பெயரில் இருக்கும். வந்த பிறகு மருந்து கிடையாது. சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்து உருட்டிக் கொடுப்பது தெம்புக்கு ஆகும், நோயை நிறுத்தாது. சீக்கானதைப் பிரித்து, செத்ததை மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஏரியிலோ பாழுங்கிணற்றிலோ வீசினால் ஊருக்கே பங்கு வைத்தது போல ஆகும். சந்தைக்குக் கொண்டு போவதும் அதே பாவம்தான். நான் தள்ளிய கூட்டத்தில் சீக்கு இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம், வாங்கியவரின் அதிர்ஷ்டமும்கூட.

மிச்சமிருப்பவற்றுக்கு இப்போது தடுப்பூசி போடலாமா என்பதை மருத்துவரிடம் விடுங்கள். வராமல் இருக்க வழி ஒன்றுதான்: குஞ்சுக்கு 7 நாளில் கண்ணில் ஒரு சொட்டு, நான்காவது வாரத்தில் மறுபடி சொட்டு, 8 வாரத்தில் தோலுக்கு அடியில் ஊசி. மாசிக்கு முன்பின்னாகக் கால்நடைத் துறை கிராமங்களில் இலவச முகாம் நடத்தும், அதை விடாதீர்கள். தனியாகப் போடுவதானால் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் எடுத்து வந்து, கரைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். குப்பி நூறு கோழிக்கும் அதற்கு மேலும் வருவதால் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுவது லாபம். "ஊசி போட்டும் செத்துச்சு" என்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: மருந்து பஸ்ஸில் எப்படி வந்தது? பாதிப் பேர் சட்டைப் பையில் கொண்டு வந்திருப்பார்கள்.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய கோழியை அன்று மாலையே கூட்டத்தோடு விடுவது இன்னொரு வாசல். இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள். பண்டிகைக்குச் சொந்தக்காரர் கொண்டு வந்த சேவலுக்கும் இதே சட்டம்தான், அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எந்த அறிகுறியும் இல்லாமல் இரவோடு இரவாகப் பல செத்துக் கிடக்கின்றன, கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்திருக்கின்றன. தொடாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பறவைக் காய்ச்சல் இல்லை என்று உறுதியாகும் வரை அப்படித்தான். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

## எச்சம் மாறியிருக்கிறது, கோழி சுறுசுறுப்பாக இருக்கிறது

எச்சத்தின் மேல் வெள்ளை தொப்பி போட்டதுபோல இருப்பது இயல்பு, அது சிறுநீர். எட்டு பத்து எச்சத்துக்கு ஒன்று காபி நிறத்தில் பசை போல நாற்றத்தோடு விழும், அதுவும் இயல்பு. இந்த இரண்டையும் பார்த்துப் பயந்து எனக்குப் போன் செய்தவர்கள்தான் அதிகம்.

தண்ணீராகப் போகிறது என்றால் வெயிலில் நிறையக் குடித்திருக்கும். மாலை வரை பாருங்கள். ஒன்றிரண்டு நாள் பச்சையாக இருந்தால் கீரையும் புல்லும் தின்றதா என்று கேளுங்கள். தின்னாமலே பச்சை, கூடவே சோர்வு என்றால் முந்தின தலைப்பு.

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் அது வேறு கதை. கோடை மழை ஒன்று பெய்து கூட்டுத் தரை ஈரமான வாரத்தில்தான் பெரும்பாலும் வரும். அன்றே தரையைச் சுரண்டி எடுத்து, காய்ந்த உமியோ தேங்காய் நாரோ போடுங்கள். தண்ணீரில் கலக்கும் மருந்து மருந்தகத்தில் கிடைக்கும். அளவை அவர்கள் எழுதிக் கொடுக்கட்டும். இதில் ஒரு நாள் தாமதம் பாதிக் குஞ்சு.

பொரித்த முதல் வாரத்தில் ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்தால், வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊற வைத்துத் துடையுங்கள். பிய்த்து எடுக்க வேண்டாம். ஒரே ஈட்டில் பல குஞ்சு வெள்ளையாகக் கழிந்து செத்தால் தாயிடமிருந்து வந்த நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டாமல் அந்தப் பெட்டையின் முட்டையை மறுபடி அடை வைக்காதீர்கள்.

## முகத்தில், கொண்டையில் ஏதோ

கடுகு தெளித்ததுபோலக் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் புள்ளி, தட்டினால் விழவில்லை. ஒட்டுத் தெள்ளு. வேப்பெண்ணெயை விரலில் தொட்டு, கண்ணுக்குள் போகாமல் புள்ளிமேல் மட்டும் தடவுங்கள், மூச்சு முட்டி விழும். கூட்டு மண்ணை அள்ளிக் கொட்டாவிட்டால் பத்து நாளில் திரும்ப வரும். நாய் படுக்கும் இடத்தையும் பாருங்கள்.

மரு மாதிரி, பிறகு கறுத்த பொருக்கு. அம்மை. கொசு கொண்டு வருவது. பொருக்கைப் பிய்க்காதீர்கள். மஞ்சள் தூளும் வேப்பிலையும் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். கண் மூடிக்கொண்டால் கையால் தண்ணீரும் ராகிக் கூழும் ஊட்டுங்கள். அம்மையைவிடப் பட்டினியால் சாவதுதான் அதிகம். மூன்று வாரத்தில் தானே உதிரும். வாய்க்குள் மஞ்சளாகப் படை தெரிந்து மூச்சுத் திணறினால் மட்டும் மருத்துவர். அம்மைக்கும் தடுப்பூசி உண்டு, றெக்கைத் தோலில் குத்துவார்கள்.

ஒரு பக்க முகம் வீங்கி, மூக்கில் நாற்றத்தோடு சளி. இதற்கு மருந்து வேண்டும், மருத்துவர் எழுதியதுதான் வேண்டும். பக்கத்து வீட்டில் மிஞ்சியதைக் கொடுக்காதீர்கள். எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், அதை யாரும் தானாகச் சொல்வதில்லை.

## முட்டை குறைந்துவிட்டது

குறைந்ததா, காணாமல் போகிறதா? இரண்டு நாள் காலை பத்து மணி வரை கூட்டைத் திறக்காமல் இருங்கள். உள்ளேயே முட்டை இட்டால் கோழியில் கோளாறு இல்லை, வெளியே எங்கேயோ இடுகிறது. கொக்கரிப்பு வரும் திசையில் தேடுங்கள்: சோளத்தட்டுப் போர், அவரைக் கொடியடி, கற்றாழை வேலி. இருட்டான இடத்தில் கையை விடாமல் குச்சியால் விலக்கிப் பாருங்கள். கோடையில் பாம்பும் குளிர்ச்சி தேடி அங்கேதான் வரும். முட்டையையெல்லாம் எடுத்துவிடாமல் அடையாளம் போட்ட ஒன்றை விட்டுவைத்தால் அதே இடத்தில் இடும்.

ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு அல்லது உடும்பு. ஓட்டை போட்டு உறிஞ்சி, ஓடு பக்கத்தில் கிடந்தால் கீரி. திறந்தவெளியில் கொத்தி உடைத்திருந்தால் காகம். உடும்பும் கீரியும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாப்பு உள்ளவை, பொறி வைத்து வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள். காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை எடுத்துவிட்டால் எந்தத் திருடனுக்கும் வேலை இல்லை. கோழியே கொத்தித் தின்கிறது என்றால் அதன் மூக்கில் மஞ்சள் கரு காய்ந்திருக்கும்.

ஓடு மெலிந்து, தோல் முட்டையாக விழுகிறதா? கிளிஞ்சல் தூள் தனிச் சட்டியில் வையுங்கள். வீட்டு முட்டை ஓட்டை வறுத்து நொறுக்கிப் போட்டாலும் சரி. முழு ஓடாகப் போட்டால் முட்டை தின்னக் கற்றுக்கொடுத்த மாதிரி.

உண்மையாகவே குறைந்திருந்தால் வெயில், செல், அடை, இறகு மாற்றம் என்று பாருங்கள். சிறுவிடை பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டு அடைக்குப் போகிற இனம். வருடம் முழுவதும் தினம் ஒன்று கேட்டால் அதன்மேல் குறை சொல்லிப் பயனில்லை.

## அடை வைத்ததெல்லாம் கூமுட்டை

ஏழாவது நாள் இரவு, இருட்டறையில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வையுங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்த நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது.

ஒன்றுமே தெரியாமல் தெளிவாக இருந்தால் சேவலைப் பாருங்கள். எட்டு, பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆனால் அது வயதானதாகவோ, பண்டிகைக்கு நல்ல சேவலை அறுத்துவிட்டு மிஞ்சிய நோஞ்சானாகவோ இருந்தால் இப்படித்தான். நரம்பு ஓடி நின்றுபோய், ரத்த வளையமாகத் தெரிந்தால் முட்டை வைத்திருந்த விதம் தப்பு. பங்குனி வெயிலில் சமையலறை அலமாரியில் இருக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துவிடும். ஒரு மண்பானையில் பாதி மணல் போட்டு ஈரமாக்கி, நிழலில் புதைத்து, அதற்குள் இன்னொரு சட்டியில் முட்டையை வையுங்கள். ஐந்து, ஆறு நாளுக்குள் அடை வைத்துவிட வேண்டும். நான் இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு பன்னிரண்டில் ஒன்பது, பத்து தேறுகிறது.

குஞ்சு முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே ஒட்டிச் செத்திருந்தால் காற்றில் ஈரம் இல்லை. அடைக்கூடையின் அடியில் மணல் போட்டு, பதினெட்டாம் நாளிலிருந்து மணலில் தண்ணீர் தெளியுங்கள். பாதியிலேயே தாய் எழுந்து போய்விட்டால் கூடையில் செல். வேப்பிலையும் நொச்சியும் வைக்கோலுக்கு அடியில் பரப்பியிருந்தால் தப்பியிருக்கும். 21 நாள் கணக்கு இரண்டு நாள் தள்ளினாலும் பொறுங்கள், ஓட்டை நீங்கள் உடைக்க வேண்டாம்.

## குஞ்சு ஒவ்வொன்றாகக் குறைகிறது

பகலில், சத்தமில்லாமல், மிச்சம் மீதி இல்லாமல் போனால் மேலிருந்து: பருந்து, வல்லூறு, சின்னக் குஞ்சானால் காகமும். இரவில் போய், இறகு சிதறிக் கிடந்தால் கீழிருந்து: கீரி, காட்டுப்பூனை, ஊர் நாய். இரவுத் திருட்டுக்கு ஒரே பதில் கூட்டின் சந்தை அடைப்பதுதான். இரண்டு விரல் நுழைகிற ஓட்டையில் கீரி நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பகல் திருட்டுக்கு நான் நிறையச் செலவு செய்து தோற்றிருக்கிறேன். பழைய சிடி தொங்கவிட்டேன், பருந்து நாலு நாளில் பழகிவிட்டது. செத்த காகம் கட்டியது ஒரு வாரம் தாங்கியது. கடைசியில் கைகொடுத்தது அவரைப் பந்தல். பந்தலுக்கு அடியில் தாயோடு குஞ்சை விட்டால் மேலிருந்து பாய வழியில்லை, கீழே பூச்சியும் நிறைய. பந்தல் இல்லாதவர்கள் ஆமணக்கும் துவரையும் நெருக்கமாக நட்டுவிடலாம். ஆறு வாரம் தாண்டிவிட்டால் குஞ்சு தானே பதுங்கிக்கொள்ளும்.

## நொண்டுகிறது

காலைத் தூக்கிப் பாதத்தின் அடியைப் பாருங்கள். முள் இருந்தால் எடுங்கள். நடுவில் கறுத்த பொருக்கோடு வீங்கியிருந்தால் சீழ்க்கட்டு. உப்புத் தண்ணீரில் ஊற வைத்து மஞ்சள் வைத்துக் கட்டுங்கள், ஒரு வாரத்தில் வற்றாவிட்டால் மருத்துவர் கீறுவார். இரண்டு காலும் முன்னொன்று பின்னொன்றாக நீட்டி விழுந்தால் வைத்தியம் இல்லாத நோயாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். போன பங்குனியில் ஒரு பெட்டை பத்து நாள் நொண்டியது. ஊசி வரைக்கும் போனோம். கடைசியில் நடு விரலின் இடுக்கில், தோலுக்குள் புதைந்து, ஒரு நீளத் தலைமுடி. ஊசி முனையால் தூக்கி, பிளேடால் அறுத்தேன். மூன்றாம் நாள் அவரைப் பந்தலடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.